புண்ணியகோடி வாய் திறக்கவில்லை

எஸ்தர் மேடம் விளக்கை அணைத்துவிட்டு மேல்மாடிக் கதவையும் சாத்தியபோது சண்முகவடிவு பின்சுவரோரம் புரொஜக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தன் படத்தை எங்கேயும் உட்கார்ந்து பார்த்ததில்லை, நின்றால்தான் தலைகள் தெரியும், தலைகள் எந்த இடத்தில் ஆடுகின்றன, எந்த இடத்தில் பக்கத்துத் தலையைத் தேடித் திரும்புகின்றன என்பது தெரியும், அதுதான் அவளுக்குப் படம். சனிக்கிழமை காலை பதினொன்றேகால். நூலகத்து ஜன்னல்களை அச்சில் தள்ளுபடியான போஸ்டர் தாள்களை ஒட்டி மறைத்திருந்தார்கள், வெயில் அதன் பின்னால் நின்றுகொண்டு தாளின் மறுபக்கத்துக் குழந்தை முகத்தை இடம்வலம் மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. சிவகாசியில் ஜன்னலை மறைக்க வேறு எதைத் தேடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மகளிர் வாசகர் வட்டத்தின் மாதக்கூட்டம், எண்பது பேர் வருவார்கள் என்று அதை நடத்தும் மேடம் சொன்னது நூற்றிருபதாகியிருந்தது, அதில் பாதிப் பேர் ஏதாவது ஓர் அச்சகத்தில் எப்போதாவது வேலை பார்த்தவர்கள். ஒன்பது நிமிடப் படம், பதினான்கு சிரிப்பு. கணக்குச் சரியாக இருக்கும். ‘சி டிரைவ் ஒண்டுக்குடித்தனம்’ நாற்பதாவது பகுதி, இதுவரை வந்த முப்பத்தொன்பதில் அவள் கணக்குத் தவறியது இரண்டே தடவை, இரண்டும் ஆரம்ப காலம். ஊரடங்கு நேரத்தில் ஊரே வைரஸ் என்ற சொல்லைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டு கிடந்தபோது, கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் குடித்தனம் நடத்தும் வைரஸ்களை வரைந்து இணையத்தில் போட்டவள் அவள். தண்ணிக் குழாய்க்குச் சண்டை போடும் வைரஸ்கள், பிள்ளை படிக்கவில்லை என்று புலம்பும் வைரஸ்கள். சிரிக்கவே மறந்திருந்த ஜனம் சிரித்தது. இதோ பெயர்ப்பாட்டு முடிகிறது, இதோ புழு வைரஸ் புண்ணியகோடி பாயிலிருந்து எழுகிறான், பிள்ளைகளை எண்ணுகிறான், ஒண்ணு, ரெண்டு, மூணு, எண்ணி முடிப்பதற்குள் ஆறாகிவிடுகின்றன, “ஏட்டி, ராத்திரி படுக்கும்போது மூணுதான இருந்துச்சு?”, இதோ, முதல் சிரிப்பு. சரியாக அந்த இடத்தில். புண்ணியகோடியின் குரல் வடிவின் குரல்தான், மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு தொண்டையின் அடியிலிருந்து எடுப்பது, கடைத்தெருவில் ஆட்கள் அவளை நிறுத்தி, அக்கா ஒரு தடவை பேசிக் காட்டுங்கக்கா என்பார்கள், அவளும் பேசிக் காட்டுவாள், அதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது.

மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில், மடியில் குடையைக் குறுக்கே வைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். வந்துவிட்டாள். விளக்கு அணைவதற்கு முந்தின நொடியில்தான் வடிவு அவளைக் கண்டாள், கண்டு உறுதி செய்வதற்குள் இருட்டு வந்துவிட்டது, இப்போது திரையின் வெளிச்சம் மாறும்போதெல்லாம் அந்தப் பின்னந்தலை நீலமாகவும் மஞ்சளாகவும் ஆகிக்கொண்டிருக்கிறது. கொண்டை சின்னதாகிவிட்டது. அன்றைக்கு எவ்வளவு முடி இருந்தது புஷ்பக்காவுக்கு. அழைப்பிதழை வடிவு தானே வடிவமைத்து, தானே உறையில் போட்டு, திருத்தங்கல் பக்கம் குடியிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்ததை வைத்து விசாரித்து அனுப்பியிருந்தாள். போனில் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன பேசுவது? பேச வேண்டியதையெல்லாம் படம் பேசிவிடும், அதற்காகத்தானே ஐந்து மாதம் உட்கார்ந்து வரைந்தது. ஒரு பகுதிக்கு மூன்று வாரம் எடுப்பவள் இதற்கு மட்டும் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டாள், வீட்டுக்காரர்கூட இது என்ன வடிவு இப்படி அழிச்சு அழிச்சுப் போடுற என்று கேட்டார். சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள், வரையத் தெரிந்தவள் வரைகிறாள், அவ்வளவுதான். புஷ்பக்கா பார்ப்பாள், பார்க்கும்போதே புரிந்துவிடும், வாசலில் கையைப் பிடித்துக்கொள்வாள், அல்லது பிடித்துக்கொள்ள மாட்டாள், இரண்டுக்கும் வடிவு தயார். அவள் தயாராக இல்லாமல் எதையும் செய்வதில்லை. இரண்டாவது சிரிப்பு வந்தது, பாப்அப் பாக்கியம் கதவைத் தட்டி, “அக்கா, நீங்கதான் பத்து லட்சமாவது ஆளு, பரிசு தாரேன், கதவைத் தொறங்க!” என்றதற்கு. மூன்றாவது, ட்ரோஜன் தங்கராசு சீர்வரிசைத் தட்டோடு வந்து நின்றதற்கு, தட்டை மூடியிருந்த பட்டுத்துணிக்கு அடியிலிருந்து அவனுடைய மச்சினன்மார் நாலு பேர் எட்டிப் பார்த்ததற்கு. பின்னந்தலை ஆடியதா? குடை ஆடிய மாதிரி இருந்தது. குடை ஆடினால் உடம்பு குலுங்கியிருக்கிறது, உடம்பு குலுங்கினால் சிரித்திருக்கிறாள். நல்லது. புஷ்பக்காவைச் சிரிக்க வைப்பது லேசில்லை, அன்றைக்கு இருவரும் வேலை பார்த்த அச்சகத்தில், பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைக்கும் டிடிபி அறையில் மூன்று பேர் மூன்று கம்ப்யூட்டர், வடிவு எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள், அந்த அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “உம்” என்பாள், எப்போதாவது ஒரு தடவை மூக்கு வழியாக ஒரு சத்தம் வரும், அதற்காக வடிவு நாள் முழுக்கக் காத்திருப்பாள். யோசித்துப் பார்த்தால் அவள் முதன்முதலில் சிரிப்புக்கு ஆசைப்பட்டது அந்தச் சத்தத்துக்காகத்தான்.

அப்போது காலண்டர் சீசன். அக்டோபர் மாதம் ஊருக்குள் யாருக்கும் சாப்பாடு நேரத்துக்கு இருக்காது, தினசரித் தாள்கள், ராகுகாலம், எமகண்டம், ஒவ்வொரு ஊர் ஜவுளிக்கடைக்கும் ஒவ்வொரு சாமி, ஒவ்வொரு சாமிக்கும் ஒவ்வொரு ஃபோல்டர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மற்ற இரண்டு பேரும் டீக்குப் போன நேரத்தில் வடிவு தன் பென்டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினாள். ரதவீதி பிரவுசிங் சென்டரில் காலையில் இறக்கிக்கொண்டு வந்த பாடம் ஒன்று அதில் இருந்தது, ஒரு பந்து துள்ளுவதை எப்படி வரைவது, அனிமேஷனில் முதல் பாடம் எல்லோருக்கும் அந்தப் பந்துதான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பந்து மேலே போகிறது, மேலே போகப் போக மெதுவாகிறது, உச்சியில் ஒரு கணம் தயங்குகிறது, கீழே வரும்போது வேகமெடுக்கிறது, தரையில் பட்டதும் ஒரே ஒரு ஃப்ரேம் நசுங்குகிறது, அந்த நசுங்கலில்தான் உயிர் இருக்கிறது என்று அந்தப் பாடத்தில் இருந்தது. நாலு நிமிடம் பார்த்தாள். அந்த நாலு நிமிடத்தில் அவளுக்குள் ஏதோ திறந்துகொண்டது, வயது முப்பது, கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது, இனி இதுதான் என்று தெரிந்துவிட்டது. காலடிச் சத்தம் கேட்டதும் பென்டிரைவை உருவி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். புதன்கிழமை காலையில் புஷ்பக்கா தன் கம்ப்யூட்டரைப் போட்டாள், ஒரு ஃபோல்டரும் இல்லை. இருந்த இடத்தில் எல்லாம் ஃபோல்டர் மாதிரி ஏதோ ஒன்று, மூலையில் வளைந்த அம்புக்குறியோடு, தொட்டால் திறக்காது. மூன்று கம்ப்யூட்டரிலும் அதேதான், மூன்றும் ஒரே கம்பியில் கோத்தவை. இரண்டு மாத வேலை. மீனாட்சி இல்லை, முருகன் இல்லை, வேளாங்கண்ணி மாதா இல்லை. வடிவுக்கு அந்த அம்புக்குறியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய பென்டிரைவிலும் அதே அம்புக்குறி இருந்தது, பந்தைப் பார்க்கும் அவசரத்தில் அதை அவள் பொருட்படுத்தவில்லை.

இப்போது திரையில் நாலரை நிமிடம். புண்ணியகோடியின் பிள்ளைகள் ஒவ்வொரு ஃபோல்டர் மேலும் ஏறிக் கால்மிதியைப் போல விரிந்து படுத்துவிட்டார்கள், ஆப்பரேட்டர் எதைத் தொட்டாலும் “அம்மா மிதிக்காதீங்க” என்று சத்தம் வருகிறது, எட்டாவது சிரிப்பு, பெரிய சிரிப்பு, ஒரு பாட்டியம்மா இருமுகிறாள். வாட்ச்மேன் ஆண்டி எழுந்துகொள்கிறான். ஆண்டி வைரஸ் என்பதால் ஆண்டி, நெற்றியில் பட்டை, கையில் தடி, முப்பத்தொன்பது பகுதியிலும் தூங்கிக்கொண்டிருந்தவன், இடையிடையே கண்ணைத் திறந்து “அப்டேட் பண்ணட்டுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி தூங்குபவன், இப்போது முதன்முறையாகத் தடியைத் தரையில் தட்டி எல்லோரையும் வரிசையில் நிறுத்துகிறான். “நேத்து பென்டிரைவ் கேட்டைத் தொறந்துட்டு உள்ள வந்தது யாரு?” இங்கே மௌனம். எழுபத்திரண்டு ஃப்ரேம். ஒரு விநாடிக்கு இருபத்துநாலு, மூன்று விநாடி, படத்தில் எந்தச் சத்தமும் கிடையாது, புண்ணியகோடி மட்டும் திரையில், கண் மட்டும் இடமும் வலமும். எழுபத்திரண்டு என்பதை அவள் யோசித்து வைக்கவில்லை, அளந்து வைத்தாள். கண்ணை மூடி அந்த அறையில் மறுபடி போய் நின்று, அச்சக முதலாளி அண்ணாச்சி வாசலை மறித்து நின்று வெள்ளைச் சட்டையின் கைமடிப்பை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டு, “யாரு தாயி வெளியிலருந்து பென்டிரைவ் கொண்டாந்து போட்டது? கோவப்பட மாட்டேன், சொல்லுங்க” என்று கேட்டதிலிருந்து புஷ்பக்காவின் குரல் வரும் வரைக்கும், விரலால் மேசையில் தட்டி அளந்தாள், பத்துத் தடவை அளந்தாலும் மூன்று விநாடிதான் வந்தது. மூன்று விநாடியில் என்னென்ன செய்யலாம். ‘நான்’ என்று சொல்லக் கால் விநாடி போதும். அவள் வாய் திறந்துதான் இருந்தது, நாக்கு மேற்பல்லைத் தொட்டுவிட்டது, ‘ந்’ உருவாகிவிட்டது, அண்ணாச்சி கோபப்படுகிற மனிதரும் இல்லை. அப்படியிருந்தும் அவளுக்குள் ஒரு பந்து துள்ளிக்கொண்டிருந்தது, வேலை போனால் கம்ப்யூட்டர் போய்விடும், கம்ப்யூட்டர் போனால் பந்து போய்விடும், அந்த நினைப்பைக்கூட அவள் முழுதாக நினைக்கவில்லை, பயம் அவ்வளவு நீளமாகப் பேசாது. அதற்குள் புஷ்பக்கா, “நான் போட்டேன் அண்ணாச்சி. போன வெள்ளிக்கிழமை. பையன் பிறந்தநாள் போட்டோவ நம்ம மிசின்ல பிரிண்டு எடுக்க” என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அண்ணாச்சி வடிவு பக்கம் திரும்பி, “நீயா தாயி?” என்று கேட்டார், “இல்ல அண்ணாச்சி” என்றாள். ஆக, அவள் சும்மா இருந்தாள் என்பது சரியில்லை. சும்மா இருந்தது மூன்று விநாடிதான். அதன் பிறகு அவள் பேசியிருக்கிறாள். படத்தில் அந்த ‘இல்ல அண்ணாச்சி’ இல்லை. ஏன் இல்லை? வைத்துப் பார்த்தாள், எடிட்டிங்கில் எடுத்துவிட்டாள், வேகம் குறைகிறது என்று எடுத்தாள். வேகம்தான் குறைந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை என்று ஐந்து மாதமாக நம்பிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது பின்சுவர் முதுகில் சில்லென்று பட்டது.

திரையில் கல்யாணப் பத்திரிகை ஃபைல் கையைத் தூக்குகிறது. குங்குமப் பொட்டு வைத்த, மஞ்சள் ஓரம் போட்ட, ஒரு பாவமும் அறியாத ஃபைல். “நான் போன வாரம் வந்தேங்க.” ஆண்டி அதன் மேல் பாய்கிறான், தலைகீழாகத் தூக்குகிறான், தனிமை அறையை நோக்கி இழுத்துக்கொண்டு போகிறான், ஃபைல் தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் கெஞ்சுகிறது, “தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து…” ஆண்டி சொல்கிறான், “வாம்மா வா, சுற்றமும் நட்பும் எல்லாம் உள்ளதான் இருக்கு!” அரங்கம் வெடித்தது. பதினான்கில் இதுதான் பெரியது, வடிவுக்குத் தெரியும், இதற்காகவே அந்த ஃபைலைக் கல்யாணப் பத்திரிகை ஆக்கினாள், பத்திரிகை அடிக்கிற ஊரில் இந்த வரி போகும் தூரம் அவளுக்குத் தெரியும். முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் தொடையில் அறைந்து சிரிக்கிறாள், நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன, நூற்றிருபது பேர், அந்தச் சிரிப்பு அலை மாதிரி பின்சுவர் வரை வந்து வடிவின் மேல் மோதுகிறது, எப்போதும் மோதும்போது அவளுக்கு இனிக்கும். மூன்றாவது வரிசையில் குடை ஆடவில்லை. இழுத்துச் செல்லப்படுகிறவளைப் பார்த்து ஊரே சிரிக்கிறது, அதைத்தான் நான் வரைந்திருக்கிறேனா? அதைத்தான். ஊர் அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தது. புஷ்பக்கா வேலை போய், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போன மூன்றாம் நாளே மதுரையிலிருந்து ஓர் ஆள் வந்து கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தான், எல்லா ஃபோல்டரும் திரும்பி வந்துவிட்டன, மீனாட்சி, முருகன், மாதா, எல்லாரும். எதுவும் அழியவே இல்லை, மறைந்திருந்தது அவ்வளவுதான். அண்ணாச்சி, “போனது போகட்டும், அந்தப் பிள்ளையத் திருப்பிக் கூப்பிட்டா மத்தவங்களுக்குப் பயம் இருக்காது” என்றார். ஜன்னலோரத்தில் ஃபேனுக்கு நேர் கீழே இருந்த புஷ்பக்காவின் நாற்காலி வடிவுக்கு வந்தது. அதில் ஏழு வருடம் உட்கார்ந்தாள். புஷ்பக்கா வேறு அச்சகங்களில் போய்க் கேட்டாள், கம்ப்யூட்டர் பக்கம் யாரும் விடவில்லை, ஒரு பைண்டிங் செக்‌ஷனில் தாள் அடுக்கப் போனாள், அங்கேதான் யாரோ அந்தப் பெயரை வைத்தார்கள். வைரஸ் புஷ்பம். வைரஸ் புஷ்பம் வந்தாச்சா, வைரஸ் புஷ்பம், அந்தக் கட்டைத் தொடாத, ஒட்டிக்கிரும். காய்கறிக்கடை வரைக்கும் அந்தப் பெயர் வந்தது. பையனைப் பள்ளிக்கூடத்தில் வைரஸ் மகன் என்றார்கள் என்று யாரோ சொல்லி வடிவு கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அன்றைக்கு இரண்டு பந்துகள் மோதிக்கொள்வதை வரைந்து பழகினாள்.

அவள் கெட்டிக்காரி. அதில் அவளுக்குச் சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. இந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது, தனிமை அறைக்குள் அப்பாவி ஃபைல்கள் சேர்ந்து கும்மி அடிக்கும் இடம் அவள் வரைந்ததிலேயே நல்ல இடம், கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தரையைத் தொடுகின்றன, ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம் நசுங்குகின்றன. ஆனால் இந்தப் படம் எதையும் சொல்லவில்லை. ஏழு நிமிடம் ஓடியாகிவிட்டது, நூற்றிருபது பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை, தெரியப் போவதும் இல்லை, புழுவைத் தெரிகிறது, ஆண்டியைத் தெரிகிறது. மூன்றாவது வரிசையில் இருப்பவளுக்கு என்ன தெரியும்? தான் இழுத்துச் செல்லப்பட்டதை எடுத்து, கூட வேலை பார்த்தவள் சிரிப்பாக்கிவிட்டாள் என்று தெரியும். அழைப்பிதழ் அனுப்பி வரவழைத்து, முன்னால் உட்காரவைத்துச் சிரிக்கிறாள் என்று தெரியும். இல்லை, அப்படி நினைக்க மாட்டாள், புஷ்பக்கா அப்படி நினைக்கிற ஆள் இல்லை, கடைசியில் புண்ணியகோடி சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளிடம் “அப்பா ஒண்ணும் பண்ணலப்பா” என்று சொல்லிவிட்டுச் சோற்றை விழுங்க முடியாமல் இருக்கும் இடம் வரும், அதில் புரிந்துவிடும். அதுவும் சிரிப்புத்தான். பதினான்காவது சிரிப்பு. விழுங்க முடியாத சோறு தொண்டையில் நின்று புழுவின் உடம்பில் மேடாக மேலும் கீழும் போகும், அது வேடிக்கையாக இருக்கும் என்று அவள்தான் வைத்தாள். ஒரே ஓர் இடத்தையாவது சிரிப்பில்லாமல் விட்டிருக்கிறாளா? அந்த எழுபத்திரண்டு ஃப்ரேமில்கூடக் கண்ணை இடமும் வலமும் ஓட்டியிருக்கிறாள், யாரோ ஒரு பெண் அங்கேயும் களுக்கென்று சிரித்தாள். சரி, இன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்கு நேரில் போய்ச் சொல்லலாம், வீட்டுக்குப் போய், தனியாக, பழம் வாங்கிக்கொண்டு போய். தனியாகச் சொன்னால் யாருக்குத் தெரியும்? பெயரைத் தனியாகவா வைத்தார்கள்? கடைத்தெரு முழுக்க வைத்த பெயரை ஒரு வீட்டு அடுப்படியில் வைத்து எப்படி எடுப்பது? இந்த அரங்கத்தில் பாதிப் பேர் அந்தப் பெயரைச் சொன்னவர்கள், சொல்லாதவர்களும் கேட்டவர்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நினைத்த மாத்திரத்தில் அவளுக்குள் வழக்கமான தெளிவு வந்துவிட்டது, வேலையைத் தொடங்கும்போது வருகிற தெளிவு, முதலில் எது, அடுத்தது எது என்று. புழு சோற்றை விழுங்கியது, அரங்கம் சிரித்தது, கைதட்டியது, எழுத்துகள் ஓடின, எஸ்தர் மேடம் விளக்கைப் போட்டார்.

“நம்ம ஊர்க்காரங்க, நம்ம ஊர் அச்சாபீஸ்ல வேலை பார்த்தவங்க. நம்ம புண்ணியகோடி ரெண்டு வார்த்தை பேசுவாங்க” என்றார் மேடம். வடிவு நடைபாதையில் இறங்கி நடந்தாள். மூன்றாவது வரிசையைத் தாண்டும்போது குடையின் நுனி அவள் சேலையில் உரசியது, அவள் திரும்பவில்லை. மைக்கை வாங்கினாள்.

“அந்தப் படத்துல வர்ற பென்டிரைவ் என்னோடது” என்றாள். தொண்டை அடைத்திருந்ததால் குரல் அடியிலிருந்து, மூக்கு வழியாக, அச்சாகப் புண்ணியகோடியின் குரலாக வந்தது. அரங்கம் மறுபடி சிரித்தது. கைதட்டினார்கள். ஒருத்தி, “இன்னொரு தடவை, இன்னொரு தடவை!” என்று கத்தினாள்.

சிரிப்பு எப்படி அடங்கும் என்பது அவளுக்குத் தெரியும். குறுக்கே பேசினால் அது நீளும். அவள் மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு நின்றாள். முகத்தில் எதையும் வைக்கவில்லை. முன்வரிசை முதலில் அடங்கியது, அப்புறம் நடு, கடைசியில் பின்னால் இருந்த பிள்ளைகள். தண்ணீர் டம்ளரை மேசையிலிருந்து எடுத்து ஒரு வாய் குடித்தாள். தொண்டை திறந்தது.

“இது படத்துல உள்ள பேச்சு இல்ல. நெசமாச் சொல்றேன். ரெண்டாயிரத்து எட்டுல நான் வேலை பார்த்த பிரஸ்ல கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் வைரஸ் வந்துச்சு. அதக் கொண்டாந்தது தங்கபுஷ்பம் அக்கான்னு அவங்கள வேலைய விட்டு நிறுத்துனாங்க. அவங்க கொண்டாரல. நான் கொண்டாந்தேன். அண்ணாச்சி என்னையக் கேட்டாரு. நான் இல்லன்னு சொன்னேன். அதுக்கப்புறம் இந்த ஊரு அந்த அக்காவுக்கு ஒரு பேரு வச்சுது. அந்தப் பேரு எனக்கு வச்சிருக்க வேண்டியது.”

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் தொடையில் அறைந்து சிரித்தவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தலையாக, மெதுவாக, மூன்றாவது வரிசையின் பக்கம் திரும்பியது. வடிவுக்கு அந்தத் தலைகள் திரும்புவது தெரிந்தது, தன் மேல் இருந்த கண்கள் எல்லாம் அங்கே போவது தெரிந்தது, ஐயோ, மறுபடியும் அவளை எல்லோரும் பார்க்கும்படி ஆக்கிவிட்டேனே என்று பட்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க அவள் நினைக்கவில்லை.

தங்கபுஷ்பம் எழுந்தாள். குடையை நாற்காலியில் வைத்தாள். வயசானவளின் நிதானத்தோடு சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா, அழுகை இருக்கிறதா என்று வடிவு தேடினாள், ஆயிரம் முகம் வரைந்த கைக்கு அந்த முகத்தில் எதுவும் பிடிபடவில்லை.

“தேதியச் சொல்லு” என்றாள் தங்கபுஷ்பம்.

“அக்கா?”

“என்னைக்குப் போட்ட? தேதியச் சொல்லு. சும்மா ரெண்டாயிரத்து எட்டுன்னா?”

“அக்டோபர் பதினாலு. செவ்வாய்க்கிழம. சாயங்காலம் அஞ்சே கால் இருக்கும். நீங்க டீக்குப் போயிருந்தீங்க.”

“எந்தக் கம்ப்யூட்டர்ல?”

“என்னோடதுலக்கா. நடுவுல இருந்தது.”

“நான் போட்டது வெள்ளிக்கிழம. பத்தாந்தேதி.” தங்கபுஷ்பம் இதை வடிவைப் பார்த்துச் சொல்லவில்லை, அரங்கத்தைப் பார்த்துச் சொன்னாள். “சனி, திங்கள், செவ்வாய், மூணு நாளு எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு. அன்னைக்கே நான் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல, என் வீட்டுலகூட.”

“ஆமாக்கா. நான் கேட்டேன். கேட்டுட்டும் பேசாம இருந்தேன்.”

தங்கபுஷ்பம் தலையை அசைத்தாள். அது சரி என்றா, போதும் என்றா தெரியவில்லை. எஸ்தர் மேடம் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, “அம்மா, வேணும்னா நாம உள்ள ரூம்ல போயி…” என்று ஆரம்பித்தார். தங்கபுஷ்பம் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். இடுப்பிலிருந்து சின்னப் பையை எடுத்து, அதன் ஜிப்பைத் திறந்து, போனை வெளியே எடுத்தாள். கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, ஒரு விரலால் அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டாள், மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

“ஏங்க, டிவியக் குறைங்க. குறைங்கன்னா! ஒரு ஆளு பேசப் போவுது. காதுல வச்சுக் கேளுங்க.”

போனைப் பிடித்த கையை நீட்டிக்கொண்டு அவள் நடைபாதையில் நாலு எட்டு முன்னால் வந்தாள்.

“முதல்லருந்து சொல்லு” என்றாள். “தேதியோட.”

போனுக்குள்ளிருந்து அவள் வீட்டுக்காரரின் குரல், “யாரு புஷ்பம்? யாரு பேசுறது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வடிவு மைக்கை வாயருகே கொண்டுபோனாள். இந்தத் தடவை தொண்டை அடைக்கவில்லை, வந்தது அவளுடைய சொந்தக் குரல்தான்.

“அண்ணே, நான் சண்முகவடிவு பேசுறேன். புஷ்பக்கா கூட வேலை பார்த்த வடிவு. ரெண்டாயிரத்து எட்டு, அக்டோபர் பதினாலு, செவ்வாய்க்கிழம…”